போட்டாதாங்கில் ஒரு காலி ரூம்

லான்மடாவ், ரங்கூன்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள தங்கை ருமானாவுக்கு, காக்கா பீர் முகைதீன் சொல்லும் ஸலாம்.

நானும் உன் மதினி நூருன்னிசாவும் மகன் உஸாமாவும் அல்லாஹ் காவலில் சுகமாக இருக்கிறோம். அமெரிக்கக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது. நம் தெருக் கடைக்காரர் பொன்னுத்துரை மாதாமாதம் சரக்கு வாங்க பாங்காக் போகிறார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் அங்கிருந்து தபாலில் போடுவார். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். தெருமுனையில் பட்டாளத்துக்காரர்கள் போனை வாங்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கரண்டும் அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. எனக்குக் காகிதம்தான் நிம்மதி.

டீக்கடையில் இப்போது உங்கள் நாட்டுப் பெரியவர் பேச்சுத்தான். பனி மூடிக் கிடக்கும் ஒரு தீவை விலைக்குக் கேட்டார். பிறகு சண்டையில் இடிந்து கிடக்கும் ஒரு கடற்கரைத் துண்டைப் பற்றி, இடம் அருமையான இடம், சுத்தம் செய்து கட்டினால் எங்கேயோ போய்விடும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் ஆயுசுக்கும் ரூம் வாங்கி விற்றுக் கொடுக்கும் புவேசா நான். தொழில்காரனைத் தொழில்காரனுக்குத் தெரியாதா? "தீவு விக்கிறதுக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும். விலையைக் கேட்டு வச்சிட்டாருல்ல, இனிமே சொந்தக்காரன் தூங்க மாட்டான்" என்று சொன்னேன். இத்தனை காலம் பெரிய மனிதர்கள் கை குலுக்கிக்கொண்டு பேசிய பேச்சையெல்லாம் இந்த ஒரு மனிதர் படிக்கட்டில் நின்று பேசும் பேரமாக ஆக்கிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

அவரைப் பார்த்துத்தான் எனக்கும் சூடு பிறந்தது. உம்மா நம் இருவர் பேருக்கும் விட்டுப்போன, நீ குடியிருந்த போட்டாதாங் ரூம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. உன் மாப்பிள்ளை மவுத்தாகி நீ தனியான பிறகு, சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போன நீ அங்கேயே தங்கிவிட்டாய். இனி இந்த நாலு மாடிப் படியை ஏறவா வரப்போகிறாய்? நல்ல விலை வரும்போது தள்ளிவிடுவோம். உன் கையெழுத்து மட்டும் வேண்டும். நோட்டரி முத்திரை வைத்து அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உஸாமா வீட்டிலேயே இருக்கிறான். கீழே இறங்குவதில்லை.

துஆவுடன் காக்கா,
பீர் முகைதீன்


ஃபோர்ட் வெய்ன்
23 மார்ச் 2025

மதிப்புள்ள காக்காவுக்கு, தங்கை ருமானாவின் ஸலாம்.

நோன்பு பிடித்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மதினிக்குச் சர்க்கரை எப்படி? உஸாமா கீழே இறங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது, இறங்க வேண்டாம் என்று மாமி சொன்னதாகச் சொல்லுங்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் அந்தப் பெரியவர் பேச்சுத்தான். சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் உட்காருபவர்களுக்கு அவர் தங்கம், அந்தப் பக்கம் உட்காருபவர்களுக்கு அவர் பேரைச் சொன்னாலே ஆகாது. நான் நடுவில் சூப் ஊற்றுகிறேன். வால்டர் என்று ஒரு கிழவர் இருக்கிறார். அவரும் வீடு வாங்கி விற்றுக் கொடுத்தவர்தானாம். என் காக்காவும் அதே தொழில்தான் என்று சொன்னதும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ரங்கூனில் ஒரு ரூம் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். நம் ஊர்க் கிராக்கியைக் கேட்டு அவருக்கே இருமல் வந்துவிட்டது.

ரூம் விஷயம் எழுதியிருந்தீர்கள். அடுக்களை ஜன்னல் சரியாகச் சாத்துகிறதா? நான் புறப்படும்போது கொண்டி தளர்ந்திருந்தது. என் இரும்புக் கட்டில் துருப்பிடிக்கவில்லையே? மழைக்கு முன்னால் ஒரு தடவை மெத்தையைக் காயவைக்கச் சொல்லி மதினியிடம் சொல்லுங்கள். கீழே இருந்த ஊ டின் வீட்டார் இன்னும் இருக்கிறார்களா?

கையெழுத்துக்கு நோட்டரியைப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை.

தங்கை,
ருமானா


லான்மடாவ்
16 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு ஸலாம்.

பூகம்பச் செய்தி கேட்டுப் பயந்திருப்பாய். இங்கே விளக்கு ஆடியது, நூருன்னிசா கலிமா சொல்லிக்கொண்டு படியில் இறங்கினாள், அவ்வளவுதான். மாண்டலே பக்கம்தான் பெரிய துக்கம். எங்கள் பள்ளிவாசலிலிருந்து அரிசியும் போர்வையும் அனுப்பினோம். போட்டாதாங் ரூமில் சுவரோரம் மயிர்க்கோடு போல ஒரு கீறல். கொத்தனாரைக் கூட்டிப் போய்ப் பூசிவிட்டேன்.

நான் கையெழுத்தைக் கேட்டால் நீ கொண்டியைக் கேட்கிறாய். ஜன்னல் நன்றாகச் சாத்துகிறது. கட்டிலும் இருக்கிறது. விற்கும்போது உன் சாமான்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன், கவலைப்படாதே. ஆட்டம் கண்ட பிறகு மேல்மாடி என்றாலே வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இன்னும் தள்ளிப்போட்டால் விலை இறங்கும்.

அந்தக் கடற்கரையைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கடலைச் சொன்னார், மணலைச் சொன்னார், கட்டப்போகும் கட்டடத்தைச் சொன்னார். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் ஏதோ மூட்டை முடிச்சு மாதிரி ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டார். என்னிடம் ஒரு ரூம் வந்தால் நான் முதலில் கேட்பதே அதைத்தான். ஆள் இருக்கும் ரூமைக் காலி என்று சொல்லி நான் விற்றதில்லை. பக்கத்துப் பேட்டை லத்தாவில் எந்தச் சீனக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். பெரிய இடத்துப் பேரம், அவருக்கு வேறு கணக்கு இருக்கும்.

நம் ரூமுக்கு அந்தத் தொல்லை இல்லை. சுத்தமாகக் காலி. சீக்கிரம் கையெழுத்தை அனுப்பு.

காக்கா,
பீர் முகைதீன்


ஃபோர்ட் வெய்ன்
2 ஜூன் 2025

காக்காவுக்கும் மதினிக்கும் ஸலாம்.

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். வேலை கொஞ்சம் அதிகம். உடம்பு சுகம்தான். உங்களுக்கு இரத்த அழுத்த மாத்திரை கிடைக்கிறதா, கடைகளில் மருந்து இல்லை என்று தஸ்லீமா சொன்னாள். நம் லான்மடாவ் தஸ்லீமாதான், அவளும் இந்த ஊரில்தான் இருக்கிறாள்.

வால்டரிடம் நீங்கள் எழுதியதைச் சொன்னேன். "உன் அண்ணன் சரியான ஆள், முதல் கேள்வி அதுதான்" என்றார். ஆனாலும் பெரியவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கெட்டிக்காரர், மிரட்டுவது போல மிரட்டி நல்லதாக முடிப்பார் என்கிறார். வெளிநாட்டுக்காரர்களை அனுப்பப் போவதாக டிவியில் வந்தபோது என் கையைத் தட்டிக்கொடுத்து, உன்னைப் போன்றவர்களைச் சொல்லவில்லை அம்மா என்றார். நல்ல மனிதர். எனக்கு அன்றைக்கு ஒரு கரண்டி சூப் கூடுதலாக ஊற்றத் தோன்றியது, ஊற்றினேன்.

காக்கா, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். நான் கொஞ்ச காலம் வந்து இருக்கலாம் என்று நினைத்தால் எப்படி இருக்கும்? நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த ரூமில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா? தனியாக ஒரு பெண் இருந்தால் வார்டு ஆபீசில் ஏதாவது கேட்பார்களா?

ஒரு பேச்சுக்குத்தான்.

ருமானா


லான்மடாவ்
27 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு ஸலாம். நாங்கள் இருக்கிறோம். மாத்திரை கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் இன்னொரு மாத்திரை வேண்டும் போல இருக்கிறது.

நீ ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு நானும் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? பர்மாக்காரர் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உங்கள் பெரியவர் கதவைச் சாத்தியிருக்கிறார். இந்த நேரத்தில் வெளியே வந்தால் திரும்ப எப்படிப் போவாய்? உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். கதவைச் சாத்துவதும் பேரத்தில் ஒரு முறைதான். சாவியைக் காட்டி விலை பேசுவார், பிறகு திறப்பார். அதுவரை நீ அசையாதே. நீ அங்கே குடியேறிவிட்டாய் என்பதுதான் எனக்கு ஊரில் தலைநிமிர்வு.

இனி உள்ளதை எழுதுகிறேன். பொன்னுத்துரை கையில் போகிற கடிதம் என்பதால் எழுதுகிறேன். எங்கள் தெருவில் படைக்கு ஆள் எடுக்கக் குலுக்கிப் போட்டார்கள். பக்கத்துப் படிக்கட்டு ராதாவின் மகன் பேர் வந்தது. அவனும் உஸாமாவும் ஒன்றாகப் படித்தவர்கள். அவனைக் கூட்டிப் போன அன்றைக்கு ராதா தெருவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை, நூருன்னிசாதான் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோனாள். அடுத்த குலுக்கல் மழைக்குப் பின்னால் என்கிறார்கள்.

பினாங்கில் நூருன்னிசாவின் தம்பி கடை வைத்திருக்கிறான். தெற்கே கடல் வழியாகக் கூட்டிப்போக ஆள் இருக்கிறது. அதற்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். விலை, நேரம் என்று உனக்கு நான் எழுதியதெல்லாம் வியாபாரப் பேச்சு. எனக்கு வேண்டியது இவன் உயிர்.

காக்கா


ஃபோர்ட் வெய்ன்
19 ஜூலை 2025

காக்காவுக்கு ஸலாம். நான் நலம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே நோட்டரியிடம் போய்விட்டேன். கையெழுத்தும் முத்திரையும் இதனுடன் இருக்கின்றன. தாமதமாக்கியது என் தவறு. முதல் கடிதத்திலேயே உஸாமா பேரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன்.

என் பங்கும் அவனுக்குத்தான். அதைப் பற்றிப் பேச வேண்டாம், பேசினால் எனக்கு வருத்தம் வரும். அவனை நான்தான் முதலில் குளிப்பாட்டினேன், மதினிக்கு நினைவிருக்கும்.

என் சாமான்களில் துணிமணிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மற்றதை உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள்.

எனக்கு இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. பேப்பரெல்லாம் சரியாக இருக்கிறது.

தங்கை


லான்மடாவ்
22 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை ருமானாவுக்கு உன் காக்கா, மதினி இருவரும் சொல்லும் ஸலாம். நூருன்னிசா உன் பேரைச் சொல்லித் தொழுகைக்குப் பின் துஆ கேட்கிறாள்.

ரூமுக்கு ஆள் வந்துவிட்டார். லத்தாவில் துணிக்கடை வைத்திருக்கும் பர்கத்துல்லா. மகளுக்கு நிக்காஹ் முடிக்கப் போகிறார், மணமக்கள் குடியேற இடம் தேடுகிறார். முன்பணம் கொடுத்துவிட்டார், என் அவசரம் தெரிந்து விலையில் பெரும்பகுதியையும் சேர்த்துக் கொடுத்தார். டிசம்பர் கடைசியில் சாவி கொடுப்பதாகப் பேச்சு. இந்த ஊரில் முன்பணம் வாங்கியவன் வாக்கு மாறினால் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அந்த நிலை வந்ததே இல்லை.

அவரைக் கூட்டிப்போய் ரூமைக் காட்டினேன். ஆற்றுக் காற்றைச் சொன்னேன், படகுத்துறை பக்கத்தில் என்று சொன்னேன், மீன் மார்க்கெட்டைச் சொன்னேன். அவர் அறைக்குள் பார்த்துவிட்டு, "யாரும் இருக்காங்களா காக்கா?" என்றார். உன் தொழுகைப் பாய் விரித்தபடி கிடந்தது. கடைசியாக யார் விரித்ததோ, நீயாகத்தான் இருக்கும். "யாருமில்ல, தங்கச்சிது, அவ அமெரிக்காவுல செட்டில்" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

உங்கள் பெரியவர் இப்போது சண்டை போடும் இரண்டு நாடுகளுக்கு நடுவே, இந்த நிலத்தை நீ கொடு, அந்த நிலத்தை நீ எடுத்துக்கொள் என்று பேசுகிறாராம். பாகப்பிரிவினை செய்து வைப்பது போல. முடித்துவிட்டால் புண்ணியம். எங்களுக்கும் இப்படி ஒருவர் வந்து பேசி முடித்து வைத்தால் நன்றாக இருக்கும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார்.

உஸாமா அடுத்த வாரம் புறப்படுகிறான். மாமியிடம் ஸலாம் சொல்லச் சொன்னான். பர்மியில்தான் சொன்னான், நான் தமிழில் எழுதுகிறேன்.

காக்கா,
பீர் முகைதீன்


ஃபோர்ட் வெய்ன்
26 அக்டோபர் 2025

காக்காவுக்கும் மதினிக்கும் ஸலாம். உஸாமா போய்ச் சேர்ந்தானா? அதை மட்டும் உடனே எழுதுங்கள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது.

வால்டருக்கு நான் இப்போது அதிகம் பேச்சுத்துணை. அவருக்கு மறதி கூடிவிட்டது. ஆற்றோரம் அவருக்கு ஒரு வீடு இருந்ததாம், ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பார்த்துவிட்டு வரலாமா என்று என்னைக் கேட்கிறார். பிள்ளைகள் அதைப் போன வருஷமே விற்றுவிட்டார்கள். இல்லத்துக்குப் பணம் கட்டுவதற்காகத்தான் விற்றார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை. மேலதிகாரி என்னையும் சொல்லக்கூடாது என்றார். நான் ஒவ்வொரு ஞாயிறும், இன்றைக்கு மழை, அடுத்த வாரம் போகலாம் என்கிறேன். அவர் சரி என்று தலையாட்டி, அந்த வீட்டில் எந்த அறையில் வெயில் விழும் என்று சொல்லத் தொடங்குவார். நான் கேட்டுக்கொண்டே துணி மடிப்பேன்.

பர்கத்துல்லாவின் மகளுக்கு என் துஆ. நல்ல ரூம் அது. மாலையில் ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று வரும்போது முன்கதவைத் திறந்து வைத்தால் போதும், விசிறியே வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

ருமானா


லான்மடாவ்
9 டிசம்பர் 2025

ருமானா, ஸலாம்.

உஸாமா பினாங்கு போய்ச் சேர்ந்துவிட்டான். மாமன் கடையில் தட்டுக் கழுவுகிறான். அல்ஹம்துலில்லாஹ். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி உன்னிடம் வருகிறேன்.

நேற்று மார்க்கெட்டில் தஸ்லீமாவின் உம்மாவைப் பார்த்தேன். "எம்மவளும் உங்க தங்கச்சியும் ஒண்ணா மூட்டை கட்டணுமாமே, என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. என் தங்கை அங்கே குடியேறியவள் என்றேன். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பர்மாக்காரர்களுக்குத் தற்காலிகமாகத் தங்கக் கொடுத்திருந்த அனுமதியை ஜனவரியோடு எடுக்கிறார்களாம். உன்னிடம் இருப்பதும் அந்த அனுமதி மட்டும்தானாம். நம் நாடு இப்போது திரும்பி வந்து குடியிருக்கத் தக்கதாகிவிட்டது என்று காரணம் சொல்லியிருக்கிறார்களாம்.

ரூம் தொழிலில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒழுகும் ரூமைக் காற்றோட்டமான ரூம் என்றிருக்கிறேன். ஆனால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் எந்த ரூமையும் குடியேறத் தயார் என்று சொன்னதில்லை. எங்கள் தெருவில் ராதாவைப் பார்த்திருந்தால் அந்தக் காகிதத்தில் யாருக்கும் கையெழுத்து வந்திருக்காது. இந்த மனிதரையா நான் ஒரு வருஷமாகத் தூக்கிவைத்துப் பேசினேன்? நாடுகளை ரூம் மாதிரிப் பார்க்கிறார் என்று சந்தோஷப்பட்டேனே, உள்ளே இருக்கும் ஆளில் நீயும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றவில்லையே.

அவரை ஏன் சொல்ல வேண்டும்? கொண்டியைக் கேட்டாய், கட்டிலைக் கேட்டாய், மோட்டாரைக் கேட்டாய். வாங்க வருபவன் செருப்பைக் கழற்றும் விதத்தைப் பார்த்தே அவன் மனதைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்பவன் நான். கூடப் பிறந்தவள் எழுதியது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ரூம் இருக்கிறது. அதை விற்கவில்லை. பர்கத்துல்லாவிடம் பேசினேன், நல்ல மனிதர். அவர் மகளுக்கு வேறு ரூம் அமைந்துவிட்டது. இதில் நீ கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.

காக்கா


ஃபோர்ட் வெய்ன்
4 ஜனவரி 2026

அன்புள்ள மதினிக்கு ருமானாவின் ஸலாம். சர்க்கரையைக் கவனித்துக்கொள்ளுங்கள். உஸாமா போய்ச் சேர்ந்தது தெரிந்து இரண்டு ரக்அத் தொழுதேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். காக்காவிடம் கேட்டால் மழுப்புவார். ரூமை விற்கவில்லை, பர்கத்துல்லாவுக்கு வேறு ரூம் அமைந்தது என்று எழுதியிருக்கிறார். நான் புவேசாவின் தங்கை, எனக்கும் கொஞ்சம் தெரியும். பர்கத்துல்லா கொடுத்த பணம் உஸாமாவோடு கடல் தாண்டிப் போய்விட்டது. திருப்பிக் கொடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. பிறகு அந்த வேறு ரூம் எங்கிருந்து வந்தது?

நான் ஏன் சொல்லவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். தற்காலிக அனுமதி என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். காக்கா என்னைக் குடியேறியவள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு உஸாமா விஷயம் தெரிந்ததும் சொல்லவே கூடாது என்று முடிவு செய்தேன். என் பேச்சை எடுத்திருந்தால் நீங்கள் ரூமை விற்றிருக்க மாட்டீர்கள்.

அனுமதியை எடுக்கக் கூடாது என்று இங்கே எங்களுக்காக வழக்குப் போட்டிருக்கிறார்கள். தஸ்லீமா அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. ராத்திரி படுத்தால், விமானத்திலிருந்து இறங்கி எந்த வண்டியில் ஏறி எங்கே போகச் சொல்வது என்ற நினைப்புத்தான் வருகிறது. அதனால்தான் கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள் மதினி.

ருமானா


போட்டாதாங், ரங்கூன்
21 ஜனவரி 2026

அன்பான ருமானாவுக்கு நூருன்னிசா எழுதுவது. உனக்கு ஸலாம். எனக்கு எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மேலே ஊர்ப் பேரைப் பார்த்தே உனக்கு விளங்கியிருக்கும். பர்கத்துல்லாவுக்கு அமைந்த வேறு ரூம் எங்கள் லான்மடாவ் ரூம்தான். அது இரண்டாம் மாடி, அகலமானது, விலையும் மேலே. அவர் மனிதத்தன்மையோடு மேற்கொண்டு கொஞ்சம் தருகிறேன் என்றார். உன் காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வாக்கு மாறியவன் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும், கையில் பணம் இல்லை, அதனால் ரூமாகக் கொடுக்கிறேன், கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

மார்க்கெட்டிலிருந்து வந்த அன்றைக்கு அவர் சோறு உண்ணவில்லை. என் எதிரே உட்கார்ந்து, "நம்ம ரூமைக் குடுத்துடலாமா? நீ வேணாம்னா வேணாம்" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். உன் மேலும் வந்தது, அவர் மேலும் வந்தது. நான் கல்யாணமாகி வந்து இறங்கியது அந்த வீட்டில். உஸாமா பிறந்தது அங்கே. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்போமே என்று அழுதேன். அழுது முடித்துவிட்டு, "எம்புள்ள உசுரை அவ ரூமுதான் காப்பாத்திச்சு. கேக்கிறதுக்கு என்ன இருக்கு, மூட்டையைக் கட்டுங்க" என்று சொன்னேன்.

வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தண்ணீர் மோட்டார் கரண்ட் இருந்தால் ஓடுகிறது. இவர் டீக்கடையில் போய், நான்தான் கெட்டிக்காரத்தனமாக மாற்றிக்கொண்டேன், ஆற்றோரம் இனி விலை ஏறப்போகிறது என்று பீற்றிக்கொள்கிறார். யாராவது அந்தப் பெரியவர் பேச்சை எடுத்தால் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறார். ராதா வந்து பார்த்துவிட்டுப் போனாள். மகனிடமிருந்து இன்னும் செய்தி இல்லை.

நான் உன்னை வா என்று எழுத மாட்டேன். இது வரக்கூடிய ஊராக இல்லை. என் பிள்ளையையே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவள் உன்னை எந்த வாயால் கூப்பிடுவேன்? அங்கே வழக்கு நல்லபடியாக முடிந்து இருக்கவிட்டால் இரு. தஸ்லீமாவுக்கும் தைரியம் சொல். ஆனால் ருமானா, அங்கே யார் முன்னால் போய் நிற்க நேர்ந்தாலும், எந்தக் காகிதத்தில் என்ன எழுதிக் கேட்டாலும், போக இடமில்லாதவள் மாதிரி நிற்காதே.

உன் மதினி,
நூருன்னிசா